ஜல்திக்கு நடை பழக்கியது

மரக்காணம்
6-3-2005

அன்புத் தம்பி தட்சணாமூர்த்திக்கு, அக்கா தெய்வநாயகி எழுதுவது.

இங்கே நான் சுகம். ஜல்தி என்னைவிடச் சுகம். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, நெஞ்சுச்சளி மறுபடி வந்ததா என்று முதலில் எழுது.

நீ கொடைக்கானலுக்கு பஸ் ஏறி ஒரு மாதம் ஆகிறது. ஏறும்போது என்ன சொன்னாய்? "அங்க குதிரை வேலைய நல்லா கத்துக்கினு, ரெண்டு சேணத்தோட தீவாளிக்கு வந்துடறேன்க்கா. அதுக்குள்ள ஜல்திய நிதானமா நடக்கப் பழக்கி வை. கடற்கரைக்கு வர்றவங்கள அவ மேல உக்கார வெச்சு உப்பளத்தைச் சுத்திக் காட்டலாம். நீ உப்புக் கூடை தூக்கினது போதும்" என்றாய். சொல்வது சுலபம்.

ஜல்தி, அதாவது அவசரம் என்று பேர் வைத்து அவளை விடுதிக்கு விற்ற அந்தத் திண்டிவனத்து ஜட்கா வண்டிக்கார பாய் தெரிந்துதான் வைத்திருக்கிறார். கயிற்றைப் பிடித்துக் கிளம்பினால் பத்தடி நடை, அப்புறம் குதியாட்டம். வீட்டுப் பக்கம் திரும்பினால் கேட்கவே வேண்டாம். நான் அவளைக் கூட்டிப் போகிறேனா, அவள் என்னை இழுத்துப் போகிறாளா என்று ஊரே சிரிக்கிறது. அனுமந்தை ஊர் மீன்காரி ஒருத்தி, "யக்கோவ், குதிரைக்கு இன்னா அவசரம், பஸ்ஸ புடிக்கணுமா?" என்கிறாள்.

ஆனாலும் விடமாட்டேன். போன டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அன்று நீ வேலை பார்த்த விடுதியிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து, நம் உப்பளச் சேற்றில் மூன்று நாள் நின்றவள். நான்தான் வெல்லத்தைக் காட்டி வெளியே கொண்டுவந்தேன். விடுதிக்காரர் கடையை மூடிக்கொண்டு போகும்போது "நீயே வெச்சுக்கம்மா" என்று கயிற்றை என் கையில்தானே கொடுத்தார். குதிரைக்காரன் நீ என்பதால் காகிதம் மட்டும் உன் பேரில்.

எப்படிப் பழக்குவது என்று விவரமாக எழுது. டெலிபோன் பூத்தில் பேச எனக்குப் பிடிக்காது. பின்னால் நிற்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

உன் அக்கா,
தெய்வநாயகி


கொடைக்கானல்
21-3-2005

அன்புள்ள அக்காவுக்கு, தட்சணாமூர்த்தியின் வணக்கம்.

உன் இன்லேண்ட் கிடைத்தது. சளி இல்லை, குளிர் பழகிவிட்டது. உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

ஒன்று தெரிந்துகொள். ஜல்தி கெட்ட குதிரை இல்லை. ஆசை அதிகம், அவ்வளவுதான். அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை. அவள் அவசரப்படும்போது கயிற்றை இழுத்துப் பிடிக்காதே. நீ இழுத்தால் அவளும் இழுப்பாள், ஜெயிப்பது அவள்தான். வேகம் எடுத்தாளா, பேசாமல் ஒரு வட்டம் சுற்றித் திருப்பு. வந்த வழியே நாலடி நடத்திவிட்டு மறுபடி திருப்பு. அவசரப்பட்டால் போகிற இடம் தள்ளித்தான் போகும் என்று அவளுக்கே புரியும். நிதானமாக நடந்தால் உடனே கயிற்றைத் தளர்த்து. அந்தத் தளர்வுதான் அவளுக்குக் கூலி. அடிக்க மட்டும் அடிக்காதே.

இங்கே முதலாளியிடம் பதினோரு குதிரைகள். டூரிஸ்ட் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் போகவேண்டும். ஜல்தியைப் பற்றிச் சொன்னேன். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

தீபாவளிக்குக் கட்டாயம் வருவேன்.

உன் தம்பி,
தட்சணாமூர்த்தி


மரக்காணம்
10-4-2005

அன்புத் தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். இடுப்பு பிடித்திருக்கிறது. நீ நலமா?

வட்டம் சுற்றச் சொன்னாய். எங்கே சுற்றுவது? மலையில் இருந்துகொண்டு உப்பளத்தை மறந்துவிட்டாயா? வரப்பு இரண்டு முழ அகலம். இந்தப் பக்கம் ஒரு பாத்தி, அந்தப் பக்கம் ஒரு பாத்தி. திருப்பினேன். நான் ஒரு பாத்தியில் விழுந்தேன், ஜல்தி இன்னொன்றில் இறங்கினாள். வாருவதற்குத் தயாராக இருந்த உப்பு, அத்தனையும் சேறு.

பாத்திக்காரர் பாவாடை ஓடிவந்தார். "இன்னொரு தபா குதிரை பாத்தியில எறங்குச்சின்னா, நீயும் வேலைக்கு வரவேணாம், அதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். வீட்டில் விட்டுவந்தால் கட்டுத்தறியைப் பிடுங்குகிறாள். வேலைக்குக் கூட்டிவந்தால் இந்தக் கூத்து. நான் என்ன செய்வேன்?

என்னோடு வேலை செய்கிற சகாயமேரி, "உப்பு சொமக்கிறவளுக்குக் குதிரை எதுக்கு, வித்துடு" என்கிறாள். அவளோடு இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

உன் அக்கா,
தெய்வநாயகி


கொடைக்கானல்
2-5-2005

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்புக்கு ஒத்தடம் கொடு. நான் நலமாக இருக்கிறேன். இங்கே ஒருவர் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்திருக்கிறார்.

வட்டத்துக்கு இடம் இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பியதும் கொள்ளு வைக்கிறாய் அல்லவா? அதுதான் தப்பு. வீடு என்றால் தீனி என்று பறக்கிறாள். இனிமேல் வீட்டில் வேலை கொடு, தீனியைத் தொலைவில் வை. உப்பளத்தின் கடைசியில், கழுவெளி ஏரிப் பக்கம் போய்க் கொள்ளு வை. எங்கே தீனியும் ஓய்வும் கிடைக்கிறதோ, அந்த இடத்துக்கு அவள் பயமில்லாமல் வருவாள், பதறாமல் நிற்பாள். குதிரையின் மனசு அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்குள் அவள் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு நடந்தால் நம் தொழில் காலூன்றிவிடும் அக்கா. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன் தம்பி,
தட்சணாமூர்த்தி


மரக்காணம்
29-5-2005

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லாரும் சுகம். சகாயமேரியும் நானும் பேசிக்கொள்கிறோம். உன் உடம்பு எப்படி? ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்த அந்த "ஒருவர்" ஆணா, பெண்ணா? மலை ஏறினால் மூளையும் மூடுபனி ஆகிவிடுமா, விவரம் எழுதமாட்டாயா?

ஜல்தி நடக்கிறாள்! நீ சொன்னபடியே செய்தேன், உன் வைத்தியம் பலித்தது. முதலில் உப்பு மூட்டையை முதுகில் கட்டி நடத்தினேன். பிறகு சகாயமேரியை ஏற்றினேன். "ஏசுவே, மாதாவே" என்று இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டாள். ஜல்தி காதைக்கூட அசைக்கவில்லை. பெரிய வாய்க்கால்வரை போய்த் திரும்பி வந்தோம், வீட்டுப் பக்கம் திரும்பியும் ஒரே நடை. இறங்கியதும் மேரி ஜல்தியின் மூக்கில் முத்தம் கொடுத்துவிட்டு, "இவள யாராவது விப்பாங்களா?" என்கிறாள். பேச்சைப் பார்.

பாவாடைகூட வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இது குதிரையா, நம்ம பொம்பளைங்கள்ல ஒருத்தியா?" என்றார். நீ வந்ததும் நேரில் காட்டுகிறேன்.

உன் அக்கா,
தெய்வநாயகி


கொடைக்கானல்
4-8-2005

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சீசன் வேலையில் உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். "உன் முறையில பழக்குனதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சேணம் அளவு பார்க்க ஜல்தியின் போட்டோ ஒன்று வேண்டும். வயது ஏழு என்பது சரிதானா, பல்லைப் பார்த்துச் சொல்.

இன்னொன்று. இது முக்கியம். மறுபடி கடல் வந்தால் அவளை எப்படிக் காப்பாற்றுவாய்? இங்கே எல்லாக் குதிரைக்கும் லாரியில் ஏறி நிற்கத் தெரியும். ஜல்திக்குத் தெரியாது. உப்பு லாரி வரும்போது பழக்கிவிடு. லாரிக்குள்ளே கொள்ளு வை. அவசரப்படாமல் தானாக ஏறவேண்டும், உள்ளே ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். டிசம்பருக்குள் செய்துவிட்டால் எனக்கும் இங்கே தூக்கம் வரும்.

உன் தம்பி,
தட்சணாமூர்த்தி


மரக்காணம்
21-8-2005

அன்புத் தம்பிக்கு,

சுகம். ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை, அதைக் குறித்துக்கொண்டேன்.

கடல் என்று நீ எழுதியதைப் படித்தேன். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கொளஞ்சியின் உப்பு லாரியை மேட்டு வரப்பை ஒட்டி நிறுத்தச் சொன்னேன். வரப்பும் லாரிப் பலகையும் ஒரே மட்டம். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். நான் முன்னால் ஏறினேன். பின்னால் ஏறினாள். இப்போது கொள்ளு வாளி இல்லாமலே ஏறுகிறாள். கொளஞ்சி எஞ்சினைப் போட்டுத் தெரு முனைவரை ஓட்டியும் பார்த்தார், அசையவில்லை.

"ஏம்மா, சொந்தப் பிள்ளைகூட இப்டி சொன்ன பேச்சு கேக்காது" என்றார். எனக்கு ஏது பிள்ளை. நீ, அப்புறம் இவள்.

போட்டோ இதோடு இருக்கிறது. தாவணி மாதிரி தெரிவது என் புடவை முந்தானை, ஜல்தி வாயில் கவ்விக்கொண்டாள்.

உன் அக்கா,
தெய்வநாயகி


கொடைக்கானல்
15-9-2005
(டிரைவர் கையில்)

அக்கா,

நலம். அவசரத்தில் எழுதுகிறேன். இந்த லாரி நம் ஆள் லாரிதான். சேணம் உடம்பிலேயே வைத்துத் தைத்தால்தான் புண் வராது. லாடமும் இங்கே நன்றாக அடிப்பார்கள். ஜல்தியை இவரோடு அனுப்பு. தீபாவளிக்கு நானே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வழியில் குடிக்கத் தண்ணீர் வைத்துவிடு.

தட்சணா


மரக்காணம்
8-11-2005

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இது மூன்றாவது கடிதம். ஜல்தி வந்து சேர்ந்தாளா, லாரியில் கால் வீங்கியதா, ஒரு வரி இல்லை.

லாரி வந்த அன்று டிரைவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அவள் நகரவில்லை. நான்தான் முன்னால் ஏறி நின்று கூப்பிட்டேன். ஏறினாள். கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்தாள். தீபாவளிக்கு வந்துவிடுவாய் என்று அவளிடம் சொன்னேன்.

தீபாவளிக்கு உனக்கு நீலக் கோடு போட்ட சட்டை எடுத்தேன். அதிரசம் சுட்டேன். காலையிலிருந்து ஈ.சி.ஆர். ரோட்டில் நின்றேன். திண்டிவனம் பஸ், பாண்டி பஸ் எல்லாம் வந்தன. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சகாயமேரி குடையோடு வந்து, "வாக்கா, வர்றவன் வீட்டுக்கு வருவான்" என்று கூட்டிப்போனாள். அதிரசத்தை அவள் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

மழை விடவில்லை. பாத்தி எல்லாம் ஒரே ஏரி. வேலை இல்லை. கடல் சத்தம் கேட்கும்போதெல்லாம், நல்லவேளை ஜல்தி மலையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். எழுது தம்பி.

உன் அக்கா,
தெய்வநாயகி


கொடைக்கானல்
12-12-2005

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி சங்கீதா நமஸ்காரம் சொல்லி எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் நலம். உங்கள் காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது? ஐப்பசியில் எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வர முடியாத அளவு உடம்பு முடியவில்லை என்று அவர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார்கள். மணமேடையில் நாத்தனார் இடத்தில் என் சித்தி மகள்தான் நின்றாள். தலைதீபாவளி அன்று உங்களுக்குப் போன் பேசலாம் என்றேன், பேச்சு மூச்சில்லாமல் படுத்திருக்கிறீர்கள் என்றார்.

நீங்கள் சீராக அனுப்பிய குதிரையை அப்பா எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்படுகிறார். "உப்பு சுமக்குற அக்கா, தம்பிக்குக் குதிரையே சீர் குடுத்துருக்காங்க" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். உங்களை அதில்தான் பார்த்திருக்கிறேன்.

பாவம், குதிரைதான் இங்கே சரியாக நடக்கமாட்டேன் என்கிறது. அவருக்கும் அப்பாவுக்கும் அதனால் வாக்குவாதம். கடிதம் எழுதினால் உங்களுக்குத் தொந்தரவாகும் என்று அவர் தடுத்தார், அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். ஸ்வெட்டர் ஒன்று உங்களுக்கும் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

பணிவுடன்,
சங்கீதா


கொடைக்கானல்
9-1-2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. சங்கீதா எழுதிவிட்டதாக நேற்றுத்தான் சொன்னாள்.

எல்லாம் சடுதியில் நடந்துவிட்டது அக்கா. சங்கீதா முதலாளியின் மகள். கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அவர்கள் வீட்டில் பேச்சு வந்தது. என்னிடம் ஒரு குதிரை இருக்கிறது, என் முறையில் பழக்கியது என்று சொல்லிவிட்டேன். உன்னை அழைத்தால் நீ ஜல்தியைக் கேட்பாய், அதனால்தான் அவள் நீ கொடுத்த சீர் என்றும் உனக்குக் காய்ச்சல் என்றும் சொன்னேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காகிதம் என் பேரில்தானே இருக்கிறது.

இப்போது ஜல்தி பழையபடி ஆகிவிட்டாள். காட்டுப் பாதையில் ஒரு குழந்தையைக் கீழே தள்ளிவிட்டாள், நல்லவேளை அடி இல்லை. வட்டம் சுற்றினேன், தீனியைத் தூரத்தில் வைத்தேன், நான் உனக்கு எழுதினதெல்லாம் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. மாமனார் முள் கடிவாளம் போட்டார், வாயெல்லாம் புண். மாசிக்குள் சரியாகாவிட்டால் சந்தையில் தள்ளிவிடுவாராம். நீ கூட என்ன செய்தாய் என்று எழுது. என் மானம் உன் கையில் இருக்கிறது.

உன் தம்பி,
தட்சணாமூர்த்தி


மரக்காணம்
22-1-2006

தட்சணாமூர்த்திக்கு,

மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து ஜல்தியின் வாய்ப் புண்ணில் தடவு. முள் கடிவாளத்தைத் தூக்கி எறி. அதைச் செய்துவிட்டு மேலே படி.

வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். பாய்ந்திருந்தால்கூட எதிரே நின்றான் என்று இருந்திருப்பேன். நீ பின்பக்கமாக வந்தாய். கல்யாணம் செய்துகொண்டதில் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஸ்வெட்டர் எனக்கு மே மாதமே புரிந்தது. ஜல்தியை நேராகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ, அதுகூட எனக்குத் தெரியவில்லை. நீ கேட்கவில்லை. கடல் வரும் என்று பயம் காட்டினாய். கடல் வந்த அன்று நான் எப்படி ஓடினேன், யார் யாரைத் தேடினேன் என்று உனக்குத் தெரியும். அந்தப் பயத்தை எடுத்து, அவளை லாரியில் ஏற்ற என்னையே பழக்கினாய். குதிரையின் மனசைவிட என் மனசு உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உன் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன். வாயெல்லாம் புண் என்று ஒரு வரி இருந்ததே, அதற்காக. ஒரு வாரம் பதில் போடாமல் இருந்தேன். நீ தவிக்கட்டும் என்று. தவிப்பது நீ இல்லை, அவள் என்று நேற்றுத்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

உன்னிடம் நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். உன் வட்டமும் பலிக்கவில்லை, உன் கொள்ளும் பலிக்கவில்லை. பாவாடை திட்டியபின் அவளை எங்கே கட்டுவது என்று தெரியாமல், எங்கள் வரிசையிலேயே நிறுத்தினேன். உப்புக் கூடையோடு பதினாறு பெண்கள், நான் கடைசி, எனக்குப் பின்னால் அவள். அந்த வரப்பில் முன்னால் போகிறவளைத் தாண்ட முடியாது. தலையில் பாரம் இருக்கிறவள் ஓடவும் மாட்டாள், வழியில் நிற்கவும் மாட்டாள். முதல் நாள் என் முதுகில் நாலு தடவை முட்டினாள். கூடை சரிந்து உப்பு கொட்டியது. நாலாம் நாள் முட்டுவது நின்றது. பத்தாம் நாள் பார்த்தால், என் கால் ஊன்றும்போது அவள் காலும் ஊன்றுகிறது. லாரியில் ஏறியதும் அப்படித்தான், காலிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் ஏறினேன். உன் முறை என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய் என்று எழுதினேன். நீ அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெண் கேட்டிருக்கிறாய்.

அந்த நடை உனக்குத் தெரியாதா? அம்மா போனபிறகு உன்னை இடுப்பிலும் கூடையைத் தலையிலும் வைத்துக்கொண்டு நடந்தேன். ஓயாமல் அழுகிற பிள்ளை நீ. அந்த நடையில்தான் தூங்குவாய்.

எனக்குக் காய்ச்சல் இல்லை, சீரும் நான் கொடுக்கவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் நீ சொல். மாசிமகத்துக்குள் நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். அவள் பின்னுகிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ள எனக்கு உடம்பு கூசும். ஜல்தியைத் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்வேன். நீ அனுப்பமாட்டாய், அதுவும் தெரியும்.

ஆகவே இதைச் செய். இந்தக் கடிதம் கொண்டுவரும் பார்சலில் என் கூடையும் சும்மாடும் இருக்கின்றன. சும்மாட்டைத் தலையில் வை, கூடையில் பாதிவரை மண் போட்டு அதன்மேல் வை. வெறுங்கூடை வேண்டாம், பாரம் இல்லாமல் உனக்கு அந்த நடை வராது. செருப்பைக் கழற்று. உன் மாமனார் பார்ப்பார், டூரிஸ்ட் எல்லாம் பார்ப்பார்கள், பார்க்கட்டும். மேலே குழந்தையை உட்காரவைத்துவிட்டு, கயிற்றைப் பிடிக்காமல் அவளுக்கு முன்னால் நட. திரும்பிப் பார்க்காதே. அவள் உன் பின்னால் வருவாள். லாரிவரைக்கும் என் பின்னால் அப்படித்தான் வந்தாள்.

தெய்வநாயகி